கவலை வந்தால் யாரிடம் சொல்வாய்?

இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு ஆஃப்ஸ்டெட். ஒரு பள்ளிக்கு அதன் ஆய்வு வருகிறது என்ற செய்தி வழக்கமாகத் திங்கட்கிழமை காலையில் தொலைபேசியில் வரும். மறுநாளே ஆய்வாளர்கள் வந்துவிடுவார்கள். இரண்டு நாள் வகுப்பறைகளில் உட்காருவார்கள், நோட்டுகளைப் புரட்டுவார்கள், இடைவேளையில் மைதானத்தில் நிற்பார்கள். நடுவில் நூலகத்தின் ஒரு மூலையில் ஐந்தாறு பிள்ளைகளை உட்காரவைத்து ஒருவர் பேச்சுக் கொடுப்பார். பள்ளி பிடித்திருக்கிறதா, யாருடன் விளையாடுவாய், இங்கே யாராவது யாரையாவது சீண்டுவார்களா, சீண்டினால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பார்: உனக்கு ஒரு கவலை என்றால் யாரிடம் சொல்வாய்?

ஒரு பள்ளியில் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. பத்து வயதுப் பிள்ளை தயங்காமல் ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னால் அங்கே ஏதோ சரியாக நடக்கிறது என்று நம்பலாம். பல தொடக்கப் பள்ளிகளின் வகுப்பறையில் ‘கவலைப் பெட்டி’ ஒன்று இருக்கும். செருப்புப் பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டி, மூடியில் பிளவு போட்டு, ஜன்னலோரம் வைத்திருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூசும் பிள்ளை துண்டுச்சீட்டில் எழுதிப் போடலாம். ஒரு வகுப்பில், பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பியதும் ஆசிரியை அதைத் தினமும் திறந்து பார்ப்பார். மறுநாள் காலை வருகைப்பதிவு எடுப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார். இன்னொரு வகுப்பில் அந்தப் பெட்டி செப்டம்பரில் ஒட்டி வைத்தது; அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. ஆய்வாளர் கேட்டால் இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கவலைப் பெட்டியில் போடுவேன்.

மாணவரின் ஆளுமை வளர்ச்சியையும் நலனையும் ஆய்வு செய்ய ஒரு பள்ளியைத் தயார்ப்படுத்துவது இன்று இங்கிலாந்தில் பெரிய வேலை. ஆலோசகர்கள், பயிற்சிப் பட்டறைகள், சரிபார்ப்புப் பட்டியல்கள், மென்பொருள்கள் என்று ஒரு தனிச் சந்தையே அதைச் சுற்றி இருக்கிறது. அந்த வேலை பல பள்ளிகளில் கவலைப் பெட்டியைத் தினமும் திறக்கவைத்திருக்கிறது. வேறு பல பள்ளிகளில் பெட்டியை ஒட்டுவதோடு நின்றுவிட்டது. பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பள்ளியைத் தூண்டும் வரையில் இந்தத் தயாரிப்பு பயன் தருகிறது. ஆய்வாளரிடம் காட்டச் சான்று சேர்க்கும் வேலையாக அது மாறும் இடத்தில், பிள்ளைக்குச் சேரவேண்டிய நேரத்தை அதுவே தின்றுவிடுகிறது. எந்த இடத்தில் அப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இந்த அக்கறை ஆஃப்ஸ்டெட் கண்டுபிடித்தது அல்ல. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே சமூகத்தின் ஆன்மிக, ஒழுக்க, மன, உடல் வளர்ச்சிக்குப் பங்களிப்பதை உள்ளூர்க் கல்வி நிர்வாகங்களின் கடமையாக எழுதிவைத்தது. 1992இல் ஆஃப்ஸ்டெட் உருவானபோது மாணவரின் ஆன்மிக, ஒழுக்க, சமூக, பண்பாட்டு வளர்ச்சியைப் பற்றியும் ஆய்வறிக்கையில் எழுதவேண்டும் என்று சட்டம் சொன்னது. அடுத்த திருப்பம் ஒரு குழந்தையின் மரணத்தால் வந்தது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு லண்டனில் உறவினரின் கொடுமையால் இறந்தாள். மருத்துவமனை, காவல்துறை, சமூகநலத் துறை என்று பலரும் அவளைப் பார்த்திருந்தார்கள், ஒருவரும் காப்பாற்றவில்லை. அதையடுத்து 2003இல் ‘ஒவ்வொரு குழந்தையும் முக்கியம்’ என்ற அரசுக் கொள்கை வந்தது. 2005 முதல் ஆய்வறிக்கைகளில் ‘ஆளுமை வளர்ச்சியும் நல்வாழ்வும்’ என்று ஒரு தலைப்பே சேர்ந்தது. 2012இல் ஆய்வுத் தலைப்புகளைக் குறைத்தபோது அது மறைந்தது. 2015இல் நடத்தையோடு ஒட்டித் திரும்பி வந்தது. 2019இல் ‘ஆளுமை வளர்ச்சி’ தனித் தலைப்பாயிற்று. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய ஆய்வுமுறையில் நலனும் அதோடு மறுபடி சேர்ந்துகொண்டது. இருபது ஆண்டுகளில் ஆட்சிக்கும் அமைச்சருக்கும் ஏற்ப வந்து போன ஒரு தலைப்பை நம்பிப் பள்ளிகள் தங்கள் வேலையைத் திட்டமிட வேண்டியிருந்தது என்பதை முதலிலேயே நினைவில் வைக்கவேண்டும்.

இந்தத் தலைப்பின் கீழ் வருபவை ஏராளம்: பாலியல் மற்றும் உறவுக் கல்வி, மனநல ஆதரவு, வேலை வழிகாட்டல், பாடத்துக்கு வெளியேயான மன்றங்கள், விளையாட்டு, பயணங்கள், மாணவர் மன்றத் தேர்தல், பிற சமயங்களைப் பற்றிய அறிவு, இணையப் பாதுகாப்பு, குடியுரிமைப் பண்புகள். இவை எல்லாவற்றையும் இரண்டு நாளில் எடைபோட்டுத் தரம் சொல்ல வேண்டும்.

முடியுமா? ஆஃப்ஸ்டெட்டே இதற்கு நேர்மையான பதிலைச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வுக் கையேடு, பள்ளி தருவதன் தரத்தையும் நோக்கத்தையும்தான் ஆய்வாளர்கள் பார்ப்பார்கள், ஒவ்வொரு மாணவரின் வாழ்விலும் அது என்ன விளைவை உண்டாக்கியது என்பதை அளக்க முயலமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியது. பிள்ளையின் மீது வீட்டுக்கும் தெருவுக்கும் செல்வாக்கு உண்டு, பள்ளி விதைத்தது முளைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம் என்ற நியாயமான காரணம் அதற்கு இருந்தது. ஆனால் அந்த நேர்மையின் பக்கவிளைவு பெரியது. விளைவைப் பார்க்கப்போவதில்லை, ஏற்பாட்டைத்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டால், ஏற்பாடுகளைக் கண்ணில் படும்படி அடுக்கிவைக்கவே எந்தப் பள்ளியும் முயலும். அந்தக் கணக்கில் கவலைப் பெட்டி ஓர் ஏற்பாடு; அதைத் திறப்பது விளைவைச் சேர்ந்தது.

இருந்தும், இந்த ஆய்வே வேண்டாம் என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. இங்கிலாந்துப் பள்ளிகளை இழுக்கும் மற்றொரு விசை எவ்வளவு வலிமையானது என்று பாருங்கள். தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் 1992 முதல் வெளியாகின்றன. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ முடிவுகளை முன்வைத்து 2016 முதல் ‘புரோகிரஸ் 8’ என்ற அளவுகோலும் வந்தது. எண்ணாக வருவதெல்லாம் ஒரே பக்கம். நாடகக் குழுவையும் தோட்ட வேலையையும் இசை வகுப்பையும் வெட்டிவிட்டுக் கணக்கு வகுப்பைக் கூட்டினால் எண் ஏறும். அப்படிச் செய்யத் துணியும் தலைமையாசிரியரைத் தடுக்கும் கைகள் மிகக் குறைவு. ஆய்வு அறிக்கையில் இருக்கும் இந்தப் பகுதி அவற்றில் ஒன்று. இதைப் பார்க்காமல் இதன் குறைகளை மட்டும் பட்டியலிடுவது நியாயமாகாது.

நல்ல தயாரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு மன்றங்களின் வருகைப்பதிவை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் கால்பந்து உண்டு, சதுரங்கம் உண்டு, பாடகர் குழு உண்டு, ரோபோ செய்யும் மன்றம் உண்டு என்று எந்தப் பள்ளியும் சொல்லும். யார் வருகிறார்கள் என்று ஆய்வாளர் கேட்கிறார். வறுமை காரணமாக இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளில் எத்தனை பேர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளில் எத்தனை பேர் என்று கேட்கிறார். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த ஒரு துணைத் தலைமையாசிரியர் எல்லா மன்றங்களின் பதிவையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கிறார். அப்போதுதான், ஒரே பிள்ளைகள் எல்லா மன்றத்திலும் இருப்பது தெரியவருகிறது. பெயர் எங்குமே வராத பிள்ளைகளும் தெரியவருகிறார்கள். காரணம் தேடினால், மாலை நாலரை மணிக்குப் பிறகு பேருந்து இல்லை, அல்லது தம்பியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும், அல்லது காலணி வாங்கப் பணம் இல்லை. மன்றத்தை மதிய இடைவேளைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. பலகாலமாகக் கண்முன்னே இருந்தும் யாரும் பார்க்காத ஒன்றை அந்தத் தாள் பார்க்கவைத்தது. ஆய்வு என்ற அச்சம் இல்லாவிட்டால் அந்தத் தாள் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேலை வழிகாட்டலிலும் இதுதான் நடந்தது. காட்ஸ்பி அறக்கட்டளை 2014இல் எட்டு அளவுகோல்களை வகுத்தது. பணியிடத்தை நேரில் பார்ப்பது, தொழில் செய்பவர்களைச் சந்திப்பது, ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஆலோசனை என்று எல்லாம் தெளிவாக இருந்தன. ஆய்வு அதைக் கவனிக்கும் என்றானதும் ‘என்ன ஆகப்போகிறாய்’ என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துகொண்டிருந்த உரையாடல் பல பள்ளிகளில் நீண்டது. உறவுக் கல்வி 2020 செப்டம்பரில் கட்டாயமானபோதும் அதைக் கடைசிப் பாடவேளையில் ஒப்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக முடியாமல் செய்ததில் ஆய்வுக்குப் பங்கு உண்டு.

இனி மறுபக்கம். இந்த ஆய்வுக்குத் தயாரான பள்ளிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ‘பிரிட்டிஷ் விழுமியங்கள்’ சுவர்ப்பலகை. மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், பிற நம்பிக்கை உடையவர்களிடம் மதிப்பும் சகிப்பும் என்று பெரிய எழுத்தில், லேமினேட் செய்த தாள்களில், கொடியின் நிறங்களில் ஒட்டியிருக்கும். இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பலருக்கும் வியப்பாக இருக்கும். பயங்கரவாதத் தடுப்புக்காக 2011இல் வெளியான ‘பிரிவென்ட்’ கொள்கை ஆவணத்தில் தீவிரவாதத்துக்கு எதிர்ப்பதமாக இந்த விழுமியங்கள் வரையறுக்கப்பட்டன. பர்மிங்காம் பள்ளிகள் சிலவற்றைக் கடும்போக்கு இஸ்லாமியர்கள் கைப்பற்ற முயல்வதாக 2014இல் எழுந்த ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ சர்ச்சைக்குப் பிறகு அதே பட்டியல் எல்லாப் பள்ளிகளுக்கும் விதியாயிற்று.

விழுமியங்களில் எனக்கு மறுப்பில்லை. அவை பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும் விதத்தில்தான் மறுப்பு. ஆய்வாளர் கேட்டால் சொல்லவேண்டுமே என்று அவற்றை அசெம்பிளியில் ஒப்பிக்கவைக்கிறார்கள். நினைவில் நிற்க ஒவ்வொரு விழுமியத்துக்கும் ஒரு விரல், ஒரு சைகை என்று பழக்குகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை ‘சட்டத்தின் ஆட்சி’ என்று பிழையில்லாமல் சொல்கிறது. அதே வகுப்பில் ஒருவன் மேல் வீண்பழி விழும்போது அவன் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கும் ஆசிரியர், சட்டத்தின் ஆட்சியை அந்தப் பலகையைவிட நன்றாகக் கற்பிக்கிறார். அது எந்தக் கோப்பிலும் ஏறாது. மாணவர் மன்றத் தேர்தல் நடத்திப் படம் எடுத்து ஒட்டுவது எளிது. தேர்ந்தெடுத்த பிள்ளைகள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னால் தாழ்ப்பாள் போடப்படுகிறதா என்பதுதான் மக்களாட்சி பற்றிய பாடம்.

ஒத்திகையின் தீங்கு இதைவிட ஆழமானது. ‘மாக்ஸ்டெட்’ என்று ஆசிரியர்கள் அழைக்கும் ஒத்திகை ஆய்வுகளைப் பள்ளிகள் பணம் கொடுத்து நடத்திக்கொள்கின்றன. இவை தங்களுக்குத் தேவையில்லை, எந்த வடிவத்திலும் தனிக் கோப்பு தயாரிக்கவேண்டாம் என்று ஆஃப்ஸ்டெட் பலமுறை சொல்லிவிட்டது. பள்ளிகள் கேட்பதில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியவில்லை. ஒரு தரம் குறைந்தால் மாணவர் சேர்க்கையும் வேலையும் பெயரும் போகக்கூடிய இடத்தில் ‘இயல்பாக இருங்கள்’ என்ற அறிவுரை எடுபடாது. ஒத்திகையில் பிள்ளைகளிடம் கேட்கப்படுவது உண்மையான கேள்விதான்; ஆனால் பதில் சரியில்லை என்றால் திருத்தப்படுவது பதில். ‘யாரிடம் சொல்வேன் என்று தெரியவில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பள்ளிக்குக் கிடைத்த மிக முக்கியமான தகவல். அந்தப் பிள்ளைக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று உட்கார்ந்து கேட்கவேண்டிய நேரத்தில், யார் பெயரைச் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்பினால் அந்தத் தகவல் அங்கேயே அழிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லவேண்டும் என்பதையும் பிள்ளை சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. கொடுமைக்கு உள்ளாகும் பிள்ளை வாய்திறக்காமல் இருக்க அதுவே காரணமாகிறது என்பதைக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற எவரும் அறிவார்.

2021இல் இதன் விலை தெரிந்தது. பள்ளிகளில் தங்களுக்கு நடந்த பாலியல் அத்துமீறல்களை மாணவிகள் பெயர் குறிப்பிடாமல் எழுதும் ‘எவ்ரிஒன்ஸ் இன்வைட்டட்’ இணையதளத்தில் அந்த ஆண்டு சாட்சியங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. அரசு கேட்டுக்கொண்டதால் ஆஃப்ஸ்டெட் 32 பள்ளி, கல்லூரிகளுக்குப் போய் 900க்கும் மேற்பட்ட இளையோரிடம் பேசியது. பெண்களை இழிவுபடுத்தும் வசைச்சொற்களும் கேட்காமலே அனுப்பப்படும் ஆபாசப் படங்களும் தங்கள் வயதினரிடையே அடிக்கடியோ அவ்வப்போதோ நடக்கின்றன என்று பத்தில் ஒன்பது மாணவிகள் சொன்னார்கள். சொன்னால் ஒன்றும் ஆகாது, அல்லது பேச்சு தன் கையை மீறிப் போய்விடும் என்பதால் பெரியவர்களிடம் சொல்வதில்லை என்றார்கள். புகார் வராவிட்டாலும் நடக்கிறது என்றே பள்ளிகள் எண்ணிச் செயல்படவேண்டும் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது. கோவிட் காரணமாக அதற்கு முந்தைய ஓராண்டில் வழக்கமான ஆய்வுகள் நிறுத்தப்பட்டிருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளின் நலன் ஏதோ ஒரு வடிவில் பதினைந்து ஆண்டுகளாக ஆய்வில் இருந்தது. வகுப்பறையின் கடைசி பெஞ்சில் தினமும் நடந்துகொண்டிருந்ததை வெளியே கொண்டுவரப் பள்ளிப் பிள்ளைகளே ஓர் இணையதளத்தைத் தேடிப் போகவேண்டியிருந்தது. அதே ஆஃப்ஸ்டெட் தரம் சொல்லும் அவசரம் இல்லாமல், ஒரே ஒரு பொருளைப் பற்றி, நிதானமாகக் கேட்டபோது பிள்ளைகள் பேசினார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆய்வாளர் முன்னால் உட்காரவே வராத பிள்ளைகள் இன்னொரு கூட்டம். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் வராதவர்களைத் தொடர்ந்து வராதவர்கள் என்று இங்கிலாந்து கணக்கெடுக்கிறது. கோவிடுக்கு முன் பத்தில் ஒருவராக இருந்த அவர்கள் 2022-23இல் ஐந்தில் ஒருவராகிவிட்டார்கள். 2023-24இல் நிரந்தரமாக நீக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 10,900 பேர். நலன் குன்றிய பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்: மனப்பதற்றத்தால் காலையில் படுக்கையைவிட்டு எழமுடியாதவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், வீட்டில் நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்பவர்கள். நூலக மூலையில் கேட்கப்படும் கேள்வி இவர்களை எட்டாது. புதிய ஆய்வுமுறையில் வசதி குறைந்த, சிறப்புத் தேவை உள்ள, சமூகநலப் பணியாளரின் கவனிப்பில் உள்ள பிள்ளைகள் சிலரைத் தேர்ந்து அவர்களுக்குப் பள்ளி என்ன செய்தது என்று தனித்தனியாகப் பின்தொடரும் முறை வந்திருக்கிறது. இந்தச் சீர்திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். ஒரு பிள்ளையின் கதையை முழுதாகச் சொல்லவேண்டிய கட்டாயம் வந்தால் சுவர்ப்பலகை உதவாது.

லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அறிக்கைகள் வீட்டு விஷயம். வீடு தேடும்போதே பக்கத்துப் பள்ளியின் ஆஃப்ஸ்டெட் தரத்தைப் பார்க்கிறார்கள். வீடு விற்கும் இணையதளங்களே அதைச் சேர்த்துக் காட்டுகின்றன. நம் பெற்றோரில் பலர் முதலில் தேடுவது தேர்வு முடிவு. போரிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வந்து, படிப்பு ஒன்றே கரையேற்றும் என்று கண்டவர்கள் அப்படித் தேடுவதில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் ஆளுமை வளர்ச்சி பற்றிய பத்தியைத் தாண்டிப் போகும் பழக்கத்தை விடவேண்டும். அந்தப் பத்தியில் தரத்தைவிட விவரத்தைப் படிக்கவேண்டும். ‘மாணவர்கள் பன்முகத்தன்மையைக் கொண்டாடுகிறார்கள்’ என்ற வரி எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். ‘யாருடைய துணையும் இல்லாமல் நிற்கும் பிள்ளையை மூத்த மாணவர்கள் மைதானத்தில் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்கிறார்கள்’ என்று இருந்தால் ஆய்வாளர் எதையோ கண்ணால் கண்டிருக்கிறார். பள்ளியைச் சுற்றிக்காட்டும் நாளில் பெற்றோர் நேரடியாகவே கேட்கலாம்: போன மாதம் ஒரு பிள்ளை சொன்னதால் இங்கே என்ன மாறியது? பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

பெரியவர்களின் நலனைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ரெடிங் நகரின் காவர்ஷாம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ரூத் பெரி 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த ஆய்வில் அவருடைய பள்ளி ‘போதாது’ என்ற கடைசித் தரத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. குழந்தைப் பாதுகாப்புப் பதிவுகளில் குறை கண்டு தலைமைத்துவத்துக்குக் கொடுத்த தரம் மொத்தப் பள்ளிக்கும் பெயராயிற்று. அதே அறிக்கையில் பிள்ளைகளின் ஆளுமை வளர்ச்சி ‘நன்று’ என்றே இருந்தது. அந்த ஆய்வு அவருடைய மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று 2023 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பள்ளி முழுவதையும் ஒற்றைச் சொல்லால் தரம்பிரிக்கும் முறை 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக வந்த மதிப்பெண் அட்டை ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாக ஐந்து படிகளில் தரம் தருகிறது: உடனடி முன்னேற்றம் தேவை, கவனம் தேவை, எதிர்பார்க்கும் தரம், வலுவான தரம், மிகச் சிறப்பு. நலனும் அப்படித்தான் தரம்பெறுகிறது. இதனால் தலைமையாசிரியர்கள் மேலான அழுத்தம் குறையாது என்று ஆஃப்ஸ்டெட் தானே ஏற்பாடு செய்த சுயாதீன மதிப்பீடு 2025இல் சொன்னது. தலைமையாசிரியர் சங்கமான என்ஏஎச்டி இந்த முறையை எதிர்த்து நீதிமன்றப் படியேறியது. எந்த மனிதர்களின் பொறுமையிலும் பரிவிலும் பிள்ளைகளின் நலன் தங்கியிருக்கிறதோ, அவர்களைத் தூக்கமில்லாமல் ஆக்கிவிட்டு அந்த நலனை அளக்க நினைப்பது கொடுமை. ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்கக் கோப்பு அடுக்கிய ஆசிரியை திங்களன்று காலை பள்ளி வாசலில் அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் எவ்வளவு நேரம் நிற்பார்?

பிள்ளைகளின் நிலைமை இதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும்படியாகவும் இல்லை. இங்கிலாந்தில் 8 முதல் 16 வயதுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருக்கக்கூடும் என்று தேசிய சுகாதாரச் சேவையின் 2023 கணக்கெடுப்பு காட்டியது. பிரிட்டனின் பதினைந்து வயதினரில் நான்கில் ஒருவருக்கு வாழ்க்கையில் நிறைவு குறைவு என்றும், ஒப்பிட்டுப் பார்த்த ஐரோப்பிய நாடுகளில் அதுவே மிக மோசம் என்றும் சில்ட்ரன்ஸ் சொசைட்டி 2024இல் எழுதியது. இதைப் பள்ளியால் மட்டும் உண்டான நிலைமை என்றோ பள்ளியால் மட்டும் தீர்க்கமுடியும் என்றோ யாரும் சொல்லமாட்டார்கள். வாடகையும் வறுமையும் கைப்பேசியும் மனநல மருத்துவருக்கான நீண்ட காத்திருப்பும் இதில் இருக்கின்றன. சேர்ந்து செய்யவேண்டிய ஒரு வேலைக்குப் பள்ளிக்கு மட்டும் தரம் போடுவதில் அநீதி இருக்கிறது.

கேட்பதையும் தரம்பிரிப்பதையும் பிரித்து வைக்க முடியும் என்பதற்கு கிரேட்டர் மான்செஸ்டரில் சான்று இருக்கிறது. அங்கே நடக்கும் ‘பீவெல்’ என்ற திட்டம் 2021இல் முதன்முறையாகக் கிட்டத்தட்ட 40,000 உயர்நிலை மாணவர்களிடம் கருத்தறிந்தது. தூக்கம், தனிமை, தன் உடல் பற்றிய எண்ணம், ஆசிரியர்களோடு உறவு, தெருவில் பாதுகாப்பு என்று கேள்விகள் விரிந்தன. முடிவுகளை வைத்து அவர்கள் பள்ளிகளை வரிசைப்படுத்தவில்லை. பள்ளிக்குத் தன் பிள்ளைகள் சொன்னது தனியாகப் போய்ச்சேரும். பொதுவில் வருவது வட்டாரக் கணக்கு. இளையோர் சொன்னதைக் கேட்டு அந்தந்த வட்டாரத்தில் செலவிடப் பணமும் ஒதுக்கினார்கள். மோசமான முடிவு வந்தால் பள்ளிக்கு அவமானம் இல்லை என்பதால் நல்ல முடிவு வரும்படி பிள்ளைகளைப் பழக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆஃப்ஸ்டெட்டும் மாணவர்களிடம் இணையவழிக் கருத்துக் கேட்கிறது. ஆனால் ஆய்வு அறிவித்த பிறகு, தரம் தலைக்கு மேல் தொங்கும்போது கேட்கிறது.

வேல்ஸ் நாட்டில் ஆய்வு நடத்தும் எஸ்டின் 2022 முதல் தரம் போடுவதையே நிறுத்திவிட்டது. நலனும் பராமரிப்பும் அங்கே இன்னும் ஆய்வின் மையத்தில் இருக்கின்றன. அறிக்கையில் விவரிப்பு உண்டு, பரிந்துரை உண்டு, முத்திரை இல்லை. கவலைக்குரிய பள்ளிகளின் மேல் கூடுதல் கண்காணிப்பும் தொடர்கிறது. தரம் இல்லாவிட்டால் பெற்றோருக்கு எப்படித் தெரியும் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. விவரிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள நேரமும் மொழியும் வேண்டும். புதிதாக வந்த குடும்பங்களுக்கு அது சுமைதான். ஆனால் பிள்ளையின் மனநிலைக்கு ஐந்து படி வைத்துத் தரும் முத்திரை அவர்களுக்குத் தருவதும் அறிவு அல்ல. ‘வலுவான தரம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, தங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்காருவாளா என்று எந்தப் பெற்றோராலும் ஊகிக்க முடியாது.

நலனைத் தரம் போடாமல் ஆய்வு செய்யும் மாற்றத்துக்கு இங்கிலாந்தில் புதிய சட்டமோ புதிய நிறுவனமோ தேவையில்லை. 2025இன் மதிப்பெண் அட்டையிலேயே ஒரு பகுதிக்கு ஐந்து படிகள் இல்லை. குழந்தைப் பாதுகாப்பு விதிகள் நிறைவேறியிருக்கின்றனவா, இல்லையா என்று மட்டும் அங்கே எழுதுகிறார்கள். ஆளுமை வளர்ச்சி, நலன் ஆகியவற்றையும் அந்த வழிக்கே கொண்டுவரலாம். சட்டம் கேட்கும் ஏற்பாடுகள் இருக்கின்றனவா என்பது ஒரு வரி. தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளின் கதையைப் பின்தொடர்ந்து ஆய்வாளர் கண்டது ஒரு பக்கம். பிள்ளைகளின் கருத்துக் கணிப்பை ஆய்வோடு தொடர்பில்லாமல் ஆண்டுதோறும் வேறொருவர் நடத்தி, முடிவைப் பள்ளியின் ஆட்சிக்குழுவிடம் கொடுக்கட்டும். அந்தக் கணிப்பில் வெளியான ஒரு குறையைப் பள்ளி தானாகவே ஆய்வாளரிடம் எடுத்துச் சொன்னால், அது பள்ளிக்கு எதிரான சான்றாக எழுதப்படாது என்ற உறுதியைக் கையேடு கொடுக்கவேண்டும். அந்த உறுதி கிடைத்தால் ஒத்திகை ஆய்வுக்குச் செலவாகும் பணம், கவலைப் பெட்டியில் விழும் சீட்டுகளைப் படித்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியைக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை ஓய்வு தருவதற்குப் போகும்.